சிவப்புத் துணி கட்டிய இழைப்பு மெஷின்

1

இந்த வருடம் விசா புதுப்பிக்கப் போனபோது என் மச்சான் கூட வரவில்லை.

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. செங்கோட்டையில் இருக்கும் என் அண்ணனிடம் போனில் சொன்னேன். “வராட்டி என்ன, நீ என்ன சின்னப் பிள்ளையா?” என்று கேட்டுவிட்டு, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற கதைக்குப் போய்விட்டான். அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? நான் இங்கே கல்யாணம் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவன். மனைவி மாலதி இந்த நாட்டில் பிறந்தவள். மகள் யாழினியும் அப்படியே. வீட்டில் கடவுச்சீட்டில் ஒட்டிய தாளை நம்பிக் காலம் தள்ளுகிறவன் நான் ஒருவன்தான். நிரந்தரமாகத் தங்க எழுதிப் போட்டுப் பல வருடமாயிற்று. எப்போது கேட்டாலும் ‘டாலாம் புரோசெஸ்’ என்று மலாயில் பதில் வருகிறது. பரிசீலனையில் இருக்கிறது என்று அர்த்தம். கேட்டுக் கேட்டுப் பழகி, யாராவது என்னைச் சௌக்கியமா என்று விசாரித்தால் அதையே பதிலாகச் சொல்லிவிடலாமா என்று இருக்கிறது.

விசா நாளன்று மாலதியின் அண்ணன் சேகர் கட்டாயம் வருவார். புக்கிட் ரோத்தானில் இருந்து புறப்பட்டு, விடிந்து கொஞ்ச நேரத்தில் புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டு வாசலில் ஹார்ன் அடிப்பார். கவுன்டரில் எனக்காக மலாய் பேசுவது அவர் வேலை. எனக்கு மலாய் தெரியும். ஆனால் ரவாங் தொழிற்சாலையில் கற்ற மலாய் அது. எண்ணெய் ஊற்று, போல்ட்டை முறுக்கு, சீக்கிரம் செய் என்று வேலை வாங்கத்தான் அது உதவும். ஒரு முறை கவுன்டரில் இருந்த அம்மாவிடம் பணிவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, என் கீழ் வேலை பார்க்கும் பையன்களை விரட்டுகிற அதே வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மச்சான் குறுக்கே புகுந்து, ஏதோ சொல்லி, அவரையும் சிரிக்க வைத்து, என்னையும் காப்பாற்றினார். வெளியே வந்ததும், “மாப்ளே, அடுத்த தடவ வாய்க்கு ஒரு பிளாஸ்டர் வாங்கித் தரேன் லா” என்றார். இங்கே எந்தப் பேச்சுக்கும் வாலாக ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.

இந்த வருடம் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், மணி அடித்து ஓய்ந்தது. வரிசையில் மாலதி என் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணனோட என்ன சண்டை?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. வேலை முடிந்துவிட்டது, தாளும் ஒட்டியாகிவிட்டது. ஆனால் நான் அன்று முழுக்க ஓரிடத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

2

என் கிறுக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் பழைய மரவேலை இயந்திரங்களைச் சேர்க்கிறேன். ரம்பம், கடைசல் எந்திரம், துளை போடுவது, இழைப்பது. சிறிய மேசைச் சாமான்கள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு எருமை கனம். பத்தாங் காலியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து அடைத்து வைத்திருக்கிறேன். யாழினி இதற்கு ‘அப்பாவோட இரும்புக் காடு’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

செங்கோட்டையில் எங்கள் வீடு ஒரு மரமில்லுக்குப் பின்சுவரை ஒட்டி இருந்தது. அதில் எனக்கு இனிமையான நினைவு அதிகம் இல்லை. சத்தம் தாங்காமல் பரீட்சைக்குப் படிக்க ரயில் நிலையத்துக்குப் போவேன். மரத்தூள் சோற்றில் விழும். அந்த மில்லைவிட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்து இந்த நாட்டுக்கு வந்தவன் நான். வந்த இடத்தில், கோலா குபு பாருவில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையின் பின்னால், கொடி படர்ந்த ஒரு பட்டை ரம்பத்தைப் பார்த்தேன். நின்றேன். தட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு விட முடியவில்லை. ஏன் என்று மாலதி கேட்டாள். அதற்குள் நான் அடுத்ததைத் தேடிக் கிளம்பியிருந்தேன்.

வாங்குவதில் இல்லை ருசி, இது யார், எந்த ஊர், எந்தக் காலம் என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. பெயர்த் தகட்டை யாரோ என்றைக்கோ பிடுங்கியிருப்பார்கள். பெயின்டுக்கு மேல் பெயின்டு ஏறி, வார்ப்பில் இருக்கும் எழுத்து மூடியிருக்கும். அப்போது வேறு அடையாளம் தேட வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனர் போல்ட்டில் வழுக்கி, அங்குல ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால், அநேகமாக இங்கிலாந்துச் சாமான். கைச்சக்கரத்தின் கம்பிகள் வளைந்திருந்தால் வயது கூடுதல், நேராக இருந்தால் குறைவு. சுழலும் தண்டு ஈயம் வார்த்த குழியில் ஓடுகிறதா, குண்டு பேரிங்கில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். உதிரிப் பாகங்களில் குத்திய எண்ணும் உடம்பில் குத்திய எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இருந்தால் யாரும் மாற்றவில்லை, பிறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்கள் இரண்டும் ஒத்துப்போகிற நேரத்தில் எனக்கு வருகிற சந்தோஷத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

இவை எல்லாவற்றையும் தூக்கி வந்தது மச்சானின் லோரிதான். அவருடைய வலது கையில் நடு மூன்று விரல்கள் பாதிக்கு மேல் கிடையாது. அந்தக் கையாலேயே சங்கிலியை மாட்டுவார், முடிச்சுப் போடுவார், கியர் போடுவார். விரலைப் பற்றி யார் கேட்டாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. சிலாங்கூர் ஆற்றில் முதலை கடித்தது என்பார். மாமியார் வீட்டு முறுக்கைக் கடிக்கும்போது சேர்ந்து போய்விட்டது என்பார். “தோட்டத்துல மெஷின்ல போச்சு” என்று மாலதி கல்யாணமான புதிதில் ஒரே வரியில் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

3

ஈஜோக் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, எனக்குப் பழக்கம். மரமில்லோ எஸ்டேட் தோட்டமோ எங்கே பழைய சாமானைக் கழித்துக்கட்டினாலும், வெட்டி உருக்க அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு போட்டோ அனுப்புவார். விசா நாளுக்கு ஒரு மாதம் முன்பு வந்த போட்டோவில் ஒரு இழைப்பு மெஷின் இருந்தது. மேலே பலகைகளால் ஒரு மூடி, மூடியைச் சுற்றி நிறம் போன சிவப்புத் துணி, முன்பக்கம் குங்குமத் தீற்றல். ‘நாளைக்கு வெட்டுறேன்’ என்று குரல் செய்தி. மச்சானின் லோரி பட்டறையில் கிடந்தது. வேறு ஒரு லோரியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

இந்த இடத்தில் உள்ளூர்க்காரன் ஒருவன் கூடச் செய்யாத தவறை நான் செய்தேன். சிவப்புத் துணியையும் குங்குமத்தையும் பார்த்ததும் எனக்கு ஆயுத பூஜைதான் மனதில் வந்தது. செங்கோட்டை மில்லில் அன்றைக்கு எல்லா எந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. ரம்பத்துக்குக்கூடப் புதுத் துண்டு சாத்துவார்கள். அந்த மில்லில் எனக்குப் பிடித்த ஒரே வாசனை அதுதான். அதனால் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது என்று தவுக்கேயிடம் கேட்டேன். “நெறைய எஸ்டேட் லா, எல்லாம் சேந்து வந்திச்சி” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே சதுரக் கட்டை.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இழைப்பு மெஷினில் இரண்டு இரும்பு மேசைகள். அவற்றுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் கத்திகள் பூட்டிய ஒரு இரும்புக் கட்டை படுவேகமாகச் சுழலும். பலகையை மேலே தள்ளிக்கொண்டு போனால் இழைத்துவிடும். பழைய காலத்தில் அந்தக் கட்டை சதுரமாக இருந்தது. பிறகு உருண்டையாக மாற்றிவிட்டார்கள். சதுரக் கட்டையோடு இன்றைக்கு ஒன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. என்னைப் போன்ற கிறுக்கர்கள் அதற்காகத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறோம்.

கொட்டகைக்குக் கொண்டுவந்து, இரண்டு மூன்று சனி ஞாயிறு அதோடு கிடந்தேன். வார்ப்பில் யார்க்‌ஷர் பக்கத்து ஊர்ப் பெயர் தெரிந்தது. ஆனால் ஒன்று இடித்தது. உடம்பின் வார்ப்பும் கைச்சக்கரமும் புதிய மாதிரி. கட்டை மட்டும் பழைய மாதிரி. யாரோ பிற்பாடு மாற்றியிருப்பார்கள் என்று எண்களைப் பார்த்தால், இரண்டும் ஒரே எண். அதாவது கம்பெனியிலேயே இப்படித்தான் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். இது ஏன் என்று யோசிக்க வேண்டிய நான், எவ்வளவு அபூர்வம் என்று மட்டும் யோசித்தேன்.

சிவப்புத் துணியை மறுபடி அழகாகக் கட்டிப் படம் எடுத்தேன். சேகரிப்பாளர்களுக்கான இணையப் பக்கத்தில் நான் தமிழில் சொல்லச் சொல்ல யாழினிதான் ஆங்கிலமாக்கிப் போடுவாள். அவள் ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய், இப்போது எல்லாமே ஆங்கிலம். அடுத்த மாதம் சரவாக்குக்குப் படிக்கப் போகிறாள். பெட்டிகூட எடுத்து வைத்துவிட்டாள். நான் நடந்துகொண்டே சொன்னேன்: தோட்டத் தொழிலாளர்கள் தெய்வமாக வணங்கிய மெஷின் இது.

“அப்பா, தெய்வம்னு ஷுவரா? யாராச்சும் சொன்னாங்களா?”

“பார்த்தாலே தெரியுதும்மா. துணி கட்டிக் கும்பிட்டிருக்காங்க.”

“ஓகே லா, நீங்க சொன்னா சரி.” தட்டிப் போட்டுவிட்டாள். உலகத்தின் பல மூலைகளில் இருந்து பாராட்டு வந்து குவிந்தது. மச்சானும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்தான். வழக்கமாகக் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிடுவார். அன்று போடவில்லை. நான் கவனிக்கவும் இல்லை.

4

விசா முடிந்து இரண்டு நாள் கழித்து மாலதி என் போனை வாங்கினாள். அண்ணனுக்கு நான் கடைசியாக என்ன அனுப்பினேன் என்று பார்க்கத்தான். அனுப்பியது ஒன்றுமில்லை. அந்தப் பதிவில் மட்டும் அவள் விரல் நின்றது. என் மெஷின்களை அவள் திரும்பிப் பார்க்கிறவள் இல்லை. கொட்டகைக்கே வந்ததில்லை. இதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். மூடிப் பலகையை ஒதுக்கி வைத்திருந்த மூலையைப் பார்த்தாள்.

“ஏங்க, இது எங்கண்ணன் மெஷின்.”

“என்னது?”

“அண்ணன் கை போன மெஷின். அந்த மூடி எங்க தோட்டத்துல போட்டதுதான். சின்னப் பிள்ளைல அதத் தாண்டித்தான் கொழாத் தண்ணிக்குப் போவோம். ஓடியே போவோம், அந்தப் பக்கம் பார்க்காம. அது காவு வாங்குன மெஷின்னு துணி கட்டி வச்சிருந்தாங்க. கும்பிட்டுக் கட்டுனது இல்ல. பயந்து கட்டுனது.” போனை என் கையில் திணித்தாள். “நீங்க அத தெய்வம்னு போட்டிருக்கீங்க.”

 யாழினியை அழைத்து, பதிவை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். மாலதி சொன்னாள். பிள்ளை அதைக் கேட்டு, “மாமா என்கிட்ட குரோக்கடைல்னு சொன்னாரு” என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முதலைக் கதையை இத்தனை வயது வரை பாதிக்குப் பாதி நம்பியிருக்கிறாள் போல.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பெஸ்தாரி ஜெயா வழியாகக் காரை விட்டேன். இருபக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. முன்னே போன பழக்குலை லோரியை முந்தவும் முடியவில்லை, பின்னால் நிற்கவும் பொறுமையில்லை. என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்து, ஒவ்வொன்றையும் நானே அடித்துவிட்டேன். அந்த மெஷினைத் தவுக்கேயிடமே திருப்பிக் கொடுத்து வெட்டச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த கையோடு, கட்டையை மட்டுமாவது கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதற்காக என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. மச்சான் பெரிதா, இரும்பு பெரிதா என்ற கேள்விக்கு ஒரு மனிதன் இவ்வளவு யோசிக்கலாமா?

5

மச்சான் வீட்டுக்கு முன்னால் லோரியின் அடியில் கிடந்தார். கால் மட்டும் தெரிந்தது.

“பசியாறிட்டீங்களா?” என்று கால் கேட்டது. இங்கே காலை உணவை அப்படித்தான் சொல்வார்கள். வந்த புதிதில் எனக்குப் பசியே இல்லை என்று பதில் சொல்லி எல்லாரையும் திகைக்க வைத்தவன் நான்.

“மச்சான், தெரியாமப் போட்டுட்டேன். மாலதி சொல்லித்தான் தெரியும். பதிவை எடுத்தாச்சு. அந்த மெஷினை நாளைக்கே வெட்டக் கொடுத்திடறேன்.”

அவர் நகர்ந்து வெளியே வந்தார். முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். களைப்புதான் இருந்தது.

“வெட்டிட்டா? அப்ப அவுங்க எல்லாரும் சொன்னதே உண்மைன்னு நெலச்சுப் போயிரும்.”

“யாரு? என்ன சொன்னாங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றேன், வழக்கம்போல.

“எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு. பெட்டிக்குப் பலக இழைக்கிற வேல. முந்தின நாளு ஒரு கல்யாண வீட்டுல கோழிக்கறி போட்டாங்க. மிச்சத்த அம்மா காலைல எனக்குக் கொடுத்துச்சு. தின்னுட்டு வேலைக்குப் போனேன். அன்னைக்கு வெள்ளிக்கெழம. பத்து மணிக்கு மேல கை உள்ள போயிருச்சு.” பாதி விரல்களைப் பார்த்தார். “ஆஸ்பத்திரிலேர்ந்து திரும்பி வரேன், ஊரே சொல்லுது. கறி தின்ன வாயோட வெள்ளிக்கெழம மெஷினத் தொட்டான், அது விரல வாங்கிருச்சுன்னு. வேல வாங்குற மண்டோரு சொன்னாரு, பூசாரி சொன்னாரு. யாரும் அதுல வேல செய்ய மாட்டேன்னுட்டாங்க. மூடி போட்டு, துணி கட்டி, ஒரு கோழிய அறுத்தாங்க. கேட்டீங்களா மாப்ளே? நான் கோழி தின்னது குத்தம். மெஷினுக்குக் கோழி அறுத்தாங்க.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“எனக்கு ஆஸ்பத்திரில ஒரு கட்டுப் போட்டாங்க, அவ்வளவுதான். மெஷினுக்கு வருசா வருசம் புதுத் துணி. கட்டுனது யாரு? எங்கம்மா. எலுமிச்சம்பழத்த வச்சிக்கிட்டு, எம்புள்ள தெரியாம செஞ்சிட்டான், விட்டுருன்னு கும்பிடும். சாகுற வரைக்கும் என் தப்புன்னுதான் நெனச்சிச்சு. நானும்தான் நெனச்சேன். அன்னையிலேர்ந்து கறியத் தொட்டதில்ல.”

முருகனுக்காகச் சைவமாக இருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இத்தனை வருடம் எங்கள் வீட்டு விருந்துகளில் அவருக்குத் தனியாக சாம்பார் வைத்தவன் நான்.

அவர் பேசியது முடிந்தும் எனக்குள் ஏதோ உருண்டுகொண்டே இருந்தது. புது உடம்பு, பழைய கட்டை. இரண்டிலும் ஒரே எண். அபூர்வம் அபூர்வம் என்று நான் குதித்தேனே, அதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

“மச்சான், அது உங்க தப்பு இல்ல.”

“ஆறுதலுக்கு எல்லாரும் இப்பச் சொல்றதுதான் லா.”

“ஆறுதல் இல்ல மச்சான். கண்ணுல காட்டறேன். கொட்டகைக்கு வாங்க.”

 அவர் துணியால் கையைத் துடைத்தார்.

“வெள்ளிக்கெழம வரேன். மாலதியையும் கூட்டிட்டு வாங்க.”

6

வெள்ளிக்கிழமை அவர் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். மாலதி கொட்டகைக்குள் வரத் தயங்கி, வாசலிலேயே நின்றாள். யாழினி அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். துணியை நான் முன்பே கழற்றிவிட்டேன். கத்திகளையும் கழற்றி, கட்டை சுழலாதபடி ஆப்பு வைத்திருந்தேன். மோட்டாரும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. இருந்தும் மச்சான் அதைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். அறுபது தாண்டிய மனிதர், சங்கிலியால் டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிறவர், அப்படிப் பின்வாங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

முதலில் அவரை வேறொரு இழைப்பு மெஷினிடம் கூட்டிப் போனேன். தஞ்சோங் மாலிமில் ஒரு மில்லில் இருந்து வந்தது. உருண்டைக் கட்டை. யாருக்கும் வேண்டாத சாதாரணச் சாமான். அதிலும் கத்தி கிடையாது.

“சந்துல விரல விடுங்க மச்சான்.”

விட்டார். விரல் நுனி கட்டையில் முட்டி நின்றது. அழுத்தினார். அதற்கு மேல் போகவில்லை.

“இதுல கை வழுக்கினா நுனித்தோல் போகும். ரொம்பப் போனா நகம் போகும். உருண்டை அந்தச் சந்தை அடைச்சிருக்கு. இப்ப அங்க வாங்க.”

வர வெகுநேரம் எடுத்தார். வந்து, முழுசாக இருக்கும் இடது கையைச் சதுரக் கட்டைக்கு மேலே கொண்டுபோனார். கட்டையின் தட்டையான பக்கம் மேலே இருந்தது. நான்கு விரல்களும் தடையே இல்லாமல் உள்ளே இறங்கின. அடி மூட்டுவரைக்கும். கட்டையின் மூலை திரும்பி வந்தால் அவற்றை அப்படியே வாரிக்கொள்ளும். விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மாலதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான் கையை எடுத்தார். உருண்டையிடம் போனார். விரலை விட்டுப் பார்த்தார். திரும்பி சதுரத்துக்கு வந்தார். இப்படி அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தார்.

“இந்த உருண்ட அப்பவே இருந்திச்சா?”

“உங்கப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே. சதுரம் ஆளோட கையத் தின்னுதுன்னு, உருண்டைதான் போடணும்னு இங்கிலாந்துல சட்டமே போட்டுட்டாங்க மச்சான். இந்த மெஷினோட உடம்பு அந்தச் சட்டத்துக்குப் பிறகு வார்த்தது. கட்டை மட்டும் பழசு. அங்க விக்க முடியாததைப் புது உடம்புல மாட்டி இங்க அனுப்பியிருக்கணும். இது என் ஊகம்தான். ஆனா நீங்க வேலைக்கு வந்த காலத்துல உருண்டைக் கட்டை எங்க வேணா கிடைச்சது. வாங்கி மாட்டினா அரை நாள் வேலை. அது ஊகம் இல்ல.”

“தோட்டத்துல தெரியுமா?”

“மெஷின் வாங்கறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்க மண்டோருக்குத் தெரிஞ்சிருக்காது.”

அவர் சதுரக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் வரும் என்று நினைத்தேன். எட்டி உதைத்திருந்தால்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது.

“எங்கம்மா வருசா வருசம் மன்னிப்புக் கேட்டுச்சே மாப்ளே. யாருகிட்ட கேட்டுச்சு?”

 மாலதி அவரிடம் போய்த் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “நானும் நம்புனேண்ணே. நீங்க சொன்ன பேச்சு கேக்காமத்தான் கை போச்சுன்னு இத்தன வருசமா நானும் நம்புனேன்” என்று அழுதாள். அவர் அந்தப் பாதி விரல்களால் அவள் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கும் அழுகை வந்தது. ஒரு ஸ்பேனரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். இயந்திரத்தின் ஊரைக் கண்டுபிடித்தேன், காலத்தைக் கண்டுபிடித்தேன். என் வீட்டுக்கு இத்தனை வருடமாக வந்துபோகிற மனிதரை ஒரு நாள் விசாரிக்கவில்லை என்ற எண்ணம் என்னைக் குடைந்தது. இப்போதும் குடைகிறது.

“இத எழுதுங்க மாப்ளே,” என்றார் மச்சான், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “இங்கிலீசுல பாப்பா எழுதட்டும். தமிழ்ல நீங்க எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க. அந்தத் தோட்டத்து ஆளுங்க எங்கெங்க இருக்காங்களோ, படிக்கட்டும்.” அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெஷினை என்ன செய்யலாம் என்று கேட்டேன். இருக்கட்டும், துணி மட்டும் வேண்டாம், வருகிறவனுக்கெல்லாம் விரலை விட்டுக் காட்டுங்கள் என்றார். யாழினி போனை எடுத்து, “மாமா, இப்பவே சொல்லுங்க, நான் டைப் பண்றேன்” என்றாள். அவர் சொல்ல ஆரம்பித்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறுத்தி, “மொதல்ல சாப்பிடுவோம் லா” என்றார்.

கொட்டகையில் இருந்து இரண்டு கடை தள்ளி ஒரு சீனர் கோழிச் சோறு விற்கிறார். நாங்கள் நாலு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை என்பதால் மாலதி தனக்கும் அண்ணனுக்கும் காய்கறி போட்ட மீ நூடுல்ஸ் சொன்னாள். மச்சான் கையை உயர்த்திக் கடைக்காரரைத் தடுத்தார். தனக்குக் கோழிச் சோறு என்றார், தொடைத் துண்டாகப் பார்த்துப் போடச் சொன்னார்.

மாலதிக்கு வாயில் வந்துவிட்டது. “அண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கெழம.”

“தெரிஞ்சுதான் வந்தேன்,” என்றார். தட்டு வந்ததும் அந்தக் கையாலேயே முதல் துண்டை எடுத்தார்.